பென் டிரைவ் சோதனையும் வாரண்டி அலைச்சலும்

தண்ணீர் புகாது, கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அட்டையில் போட்டு விற்கும் அலுமினிய உறை பென் டிரைவ் ஒன்றை வாங்கி, சோதித்து, அது செத்துப்போய், மாற்று வாங்கி முடித்திருக்கிறேன். இப்போதுதான் மூச்சு விடுகிறேன். வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நான் நிலம் அளக்கிறவன். காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் தினமும் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியோடு அலைகிறேன். அளவெல்லாம் பென் டிரைவில்தான் ஆபீசுக்கு வருகிறது. 32 ஜிபிதான் வாங்கினேன். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வரும், எங்கள் பழைய கருவிக்கு ஃபேட்32 என்ற பழைய முறை தவிர வேறெதுவும் தெரியாது.

முதலில் கொள்ளளவு உண்மையா என்று பார்த்தேன். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற விண்டோஸ் மென்பொருள் முழு டிரைவையும் நிரப்பித் திரும்பப் படித்துச் சொல்லிவிடும், லினக்ஸ் என்றால் எஃப்3. சரியாக வந்தது. மத்தியான வெயிலில் காருக்குள் போட்டு வைத்து, ஆறிய பிறகு படித்தேன். வேலூர் மே மாத வெயிலையும் தாங்கிவிட்டது.

அட்டையில் இரண்டு வாக்குறுதி இருந்தது. ஒன்று ஐபி67. அதாவது தூசி துளியும் புகக்கூடாது, 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடக்கூடாது. இன்னொன்று மில் எஸ்டிடி 810ஜி, அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை. அதில் 1.22 மீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போடுவார்கள். ஆனால் அந்த 26 முறையையும் ஐந்து மாதிரிகள் வரை பிரித்துக்கொள்ள அனுமதி உண்டு, தரையிலும் ஒட்டுப்பலகை விரித்திருக்கும். அந்த ராணுவம் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை, கம்பெனி தானே சோதித்துத் தானே போட்டுக்கொள்ளலாம். இதைக் கடைக்காரர் யாரும் சொல்ல மாட்டார்.

வேலை செய்யுமிடத்தில் பொருள் முதலில் விழும், அப்புறம்தான் நனையும். அதனால் அதே வரிசையில் செய்தேன். இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் சில முறை போட்டேன். நன்றாகப் படித்தது. பிறகு மூடியை இறுக்கித் திருகி, வாளியில் போட்டேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதைக் குறை சொல்லிவிடக் கூடாதென்று கேன் தண்ணீர்தான் ஊற்றினேன். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் உள்ளே ஈரம். விழுந்ததில் மூடியின் விளிம்பு லேசாக நசுங்கி, ரப்பர் வளையம் ஒட்டி உட்காரவில்லை. நன்றாக உலர வைத்துச் செருகியும் கணினிக்கு அப்படி ஒரு டிரைவ் இருப்பதே தெரியவில்லை.

சர்வீஸ் சென்டர் சென்னையில். காட்பாடியில் ரயில் ஏறிப் போனால், பில்லில் சீரியல் நம்பர் இல்லை என்று பொருளைத் தொடாமலே திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் கூலி போச்சு. கடைக்காரரிடம் நம்பர் எழுதி சீல் வாங்கிக்கொண்டு மறுபடி போனேன்.

“சார், உள்ள தண்ணி போயிருக்கு. லிக்விட் டேமேஜ் வாரண்டியில வராது.”

“தண்ணி போகாதுன்னு எழுதித்தானே மேடம் வித்தீங்க?”

“மூடி நசுங்கியிருக்கு பாருங்க, அது பிசிகல் டேமேஜ். அதுவும் வராது.”

இரண்டு வாக்குறுதியும் ஒரே அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது! விழலாம் என்றும் நனையலாம் என்றும் சொல்லி விற்றுவிட்டு, விழுந்து நனைந்தால் எதுவும் கிடையாது என்றால் இதை யார், எதற்கு வாங்குவது? எனக்கு அங்கேயே கை நடுங்கியது.

வீட்டுக்கு வந்து கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதினேன். அட்டையின் படம், பில், சோதனையை முழுக்க எடுத்த வீடியோ எல்லாம் இணைத்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு வரத் தேவையில்லை என்று கடைசி வரியில் சேர்த்தேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்தேன். அதுவரை பதிலே பேசாதவர்கள் கூரியரில் புது டிரைவ் அனுப்பினார்கள்.

வாங்குகிறவர்கள் பில்லில் சீரியல் நம்பரைக் கடையிலேயே எழுதி வாங்குங்கள், அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். சோதனையை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். முக்கியமாக, சோதிக்கும்போது உங்கள் கோப்பு எதுவும் அதில் இருக்கக் கூடாது. வாரண்டி என்பது டிரைவுக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை.

புது டிரைவையும் அதே வரிசையில் போட்டு, நனைத்துப் பார்த்தேன். இந்த முறை வளையம் பிடித்துக்கொண்டது, உள்ளே ஈரமில்லை. இப்போது அதைத்தான் வேலைக்கு எடுத்துப் போகிறேன். பாலாற்றுப் பக்கம் போய் வந்தால் மூடியின் திருகில் மணல் ஏறிவிடுகிறது, பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் மூடுகிறேன். அளவுகளை அன்றைக்கே ஆபீஸ் கணினியிலும் ஏற்றிவிடுகிறேன்.