பி12 ஊசிக்கு முன்னால் ரத்தம் கொடுத்துவிடுங்கள்

அப்பாவின் மறதிக்குக் காரணம் ஒருவழியாகத் தெரிந்துவிட்டது. ஆனால் முதலில் பார்த்த டாக்டர் மேல் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. "வயசானா அப்படித்தான்" என்று வைட்டமின் பி12 ஊசி போட்டு அனுப்பிவிட்டார். பிறகு நரம்பியல் டாக்டர் எழுதிய டெஸ்டில் பி12 எக்கச்சக்கமாக வந்தது. அது ஊசியால் ஏறிய அளவு. உண்மையில் குறைவாக இருந்ததா என்று பார்க்க வழியில்லை. பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம், அதனாலும் மறதி வரும். எனவே முதலில் ரத்த டெஸ்ட்: பி12, டிஎஸ்எச் (தைராய்டு), சோடியம், சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகம்). அப்புறம் ஊசி.

மாத்திரைச் சீட்டு போதாது. வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எப்போதோ கால் எரிச்சலுக்கு எழுதிய அமிட்ரிப்டிலின் எந்தச் சீட்டிலும் இல்லை, அட்டையைப் பார்த்துத்தான் டாக்டர் பிடித்தார். மூளையை மந்தமாக்கும் மருந்து அது. சளிக்குப் போடும் குளோர்பெனிரமினும் அப்படியே. டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்ததில் பகல் தூக்கம் போனது, பேச்சும் தெளிந்தது.

30 மார்க் ஞாபக டெஸ்டுக்குக் கண்ணாடி, காது மெஷின் இரண்டும் மாட்டியிருக்க வேண்டும். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழி, இரண்டு ஐங்கோணம் ஒன்றையொன்று வெட்டுகிற மாதிரி வரை என்பார்கள். பள்ளிக்கூடமே போகாதவருக்கு இதில் மார்க் குறைந்தால் அது நோய் ஆகிவிடாது. படிப்பு எவ்வளவு என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூளை எம்ஆர்ஐ ஸ்கேன் சுலபமாக முடிந்தது. உடம்பில் பேஸ்மேக்கரோ வேறு உலோகமோ இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

டாக்டருக்கு வேண்டியது மறதி எப்படி ஆரம்பித்தது என்பது. மெல்ல மெல்ல, அண்மை விஷயங்கள் முதலில் மறந்தால் அல்சைமர் சந்தேகம். படிக்கட்டு இறங்குவதுபோல் திடீர் திடீரெனக் குறைந்தால் ரத்தநாளக் கோளாறு. அப்பாவுக்கு இதுதான், ஸ்கேனில் பழைய சிறு பக்கவாதத் தழும்புகள். நடை தரையில் ஒட்டி, சிறுநீரும் அடக்க முடியாமல் போனால் மூளையில் நீர் கோத்திருக்கலாம்; ஷன்ட் (அந்த நீரை வடிக்கும் குழாய்) வைத்தால் பலருக்குத் தேறும். கீழே விழுந்து சில வாரம் கழித்துக் குழப்பம் வந்தால் மண்டைக்குள் ரத்தக்கட்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு நாளில் திடீரெனப் பிதற்றினால் ஓபி வரிசையில் நிற்காதீர்கள், நேரே அவசரப் பிரிவு: சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ இருக்கலாம்.

சீட்டில் வெறும் 'டிமென்ஷியா' (மறதி நோய்) என்று எழுதினால் விடாதீர்கள், எந்த வகை என்று எழுதி வாங்குங்கள். லூயி பாடி வகையில் இல்லாத ஆட்கள் கண்முன் தெரிவார்கள். அதை அடக்க யாராவது ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து கொடுத்தால் உடம்பு விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.