கச்சான் காற்றில் கலவைக் கயாக்குகள்

ஆடி மாதம் ராமேசுவரம் தீவின் வடகரையில் கயாக்கை, அதாவது ஒடுக்கமான துடுப்புப் படகை இறக்கினால் கடல் நம்மை நன்றாக ஏமாற்றும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் தீவைத் தாண்டி வீசுவதால் கரையோரம் அலையே இருக்காது. ஆனால் காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிறது. துடுப்பை மடியில் வைத்து உட்கார்ந்தால் கச்சத்தீவுப் பக்கம்தான் போக வேண்டும். அதனால் கரையை ஒட்டிய ஆழமில்லாத தண்ணீரிலேயே, லைஃப் ஜாக்கெட்டும் விசிலுமாக, கடல் கயாக், காற்றடைத்த கயாக், இரட்டைக் கயாக் என வெவ்வேறு படகுகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். சற்றுத் தள்ளி ஆங்காங்கே வெள்ளை நுரை தெரிந்தது. காற்றின் வலுவைச் சொல்லும் பியூஃபோர்ட் கணக்கில் 3, அதாவது 7 முதல் 10 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்).

பக்கக் காற்றில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. நீண்ட கடல் கயாக் ஓடும்போது அணியம் (முன்முனை) தண்ணீரைக் கிழித்து அழுத்தமாகப் பிடித்துக்கொள்கிறது. அமரத்தின் (பின்முனையின்) பக்கம் தண்ணீர் கலங்கியிருப்பதால் பிடிப்பு குறைவு, காற்று அதைத்தான் ஒதுக்குகிறது. விளைவு, படகு காற்றைப் பார்த்துத் திரும்புகிறது. ஸ்கெக்கை, அதாவது பின்பக்க அடியில் ஏற்றி இறக்கும் செதிலைப் பாதி இறக்கியதும் நேராக ஓடியது. முழுக்க இறக்கினால் காற்றுக்கு எதிராகத் திருப்புவதே பாடாகிவிட்டது. சுக்கான் வைத்த கயாக்கில் இந்தத் தொல்லை இல்லை, காலால் சரிசெய்துகொண்டே போகலாம். ஆனாலும் எனக்கு ஸ்கெக்தான் பிடிக்கிறது. ஒருமுறை அளவு பார்த்து வைத்துவிட்டால் மறந்துவிடலாம்.

காற்றடைத்த கயாக்கின் குணம் நேர்மாறு. அணியம் தூக்கலாக, தண்ணீரில் பிடிப்பே இல்லாமல் மிதக்கிறது. பின்னால் அடியில் ஒரு செதில் பிடித்துக்கொள்கிறது. எனவே காற்று முன்பக்கத்தைத் தள்ளித் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறது. ஓட்டுபவர் எவ்வளவு பலசாலியானாலும் இதுதான் கதை. எங்களில் நல்ல வேகக்காரர் அதில் ஏறியதும் கடைசி ஆளாகிவிட்டார், புதிதாகக் கற்றுக்கொள்பவர் கடல் கயாக்கில் முன்னால் போய்விட்டார். உள்ளே கால் நுழைக்காமல் மேலே உட்காரும் இரட்டைக் கயாக் அகலமானது, மெதுவானது. இருவர் எடை இருப்பதால் மட்டும் அவ்வளவாக அலையவில்லை.

ஆக, பக்கம் பக்கமாகப் போகும் இரண்டு படகுகளில் ஒன்று காற்றை நோக்கியும் மற்றது காற்றோடும் திரும்புகின்றன. காற்றடைத்ததைக் காற்று வரும் பக்கம் விட்டால் அது மற்றவர்கள் மேல் வந்து மோதப் பார்க்கிறது. மறுபக்கம் விட்டால் சத்தமில்லாமல் விலகிப்போகிறது. இரண்டில் மோதலே மேல் என்பது என் கட்சி. இடைவெளி அதிகம் விட்டால் போதும், தொலைந்து போகாது.

காத்திருப்பதுதான் குழுவில் பெரிய சிக்கல். எல்லோரும் நின்றால் இலேசான படகு வேகமாக அடித்துச் செல்லப்படுகிறது, தாழ்ந்த கடல் கயாக் மெதுவாக. பின்தங்கியவருக்காக நிற்பதற்குப் பதில், முன்னால் போனவர் காற்றோடு திரும்பி அவரிடம் வந்துவிட வேண்டும். காற்றை எதிர்த்துக் கூப்பிட்டால் நான்கு படகு தூரத்துக்கே குரல் எட்டவில்லை.

அடுத்த முறை காற்றடைத்த கயாக்கின் முன்பக்கம் ஒரு தண்ணீர் கேனைக் கட்டிப் பார்க்கப் போகிறோம். அணியம் தாழ்ந்தால் பிடிப்பு கூடும். அப்படியும் இழுபறியானால், கடல் கயாக்கிலிருந்து கயிறு போட்டு இழுப்பதை ஆழமில்லாத தண்ணீரிலேயே பழக வேண்டும்.