36-ம் எண் பல்லும் ஒரு தவறான சீட்டும்: ரூட் கேனால் அனுபவம்

கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கேனால் செய்து, கேப் போட்டு முடிக்க எட்டு நடை ஆனது. ஐந்தில் முடிந்திருக்க வேண்டும். மிச்ச மூன்று நடை எப்படி வீணாயிற்று என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். ஒழுங்காக நடந்த கட்டங்களைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை.

முதல் தவறு என்னுடையது: வலியை வெறும் பல்கூச்சம் என்று நினைத்து விட்டுவிட்டேன். குளிர்ந்த தண்ணீர் பட்டால் வரும் வலி இரண்டு மூன்று விநாடியில் அடங்கிவிட்டால் அது வெறும் கூச்சமாக இருக்கலாம். அரை நிமிடம் தாண்டியும் இழுத்துக்கொண்டே இருந்தால், சூடு பட்டு வலித்தால், படுத்தவுடன் துடித்தால், பல்லுக்குள் இருக்கும் நரம்புத் திசு மீளமுடியாத அளவுக்கு வீங்கிவிட்டது என்று பொருள். படுக்கும்போது தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடுவதால்தான் இரவில் வலி ஏறுகிறது. இரண்டு தலையணை வைத்துப் படுத்தால் கொஞ்சம் குறையும். இந்த வலி ஒருநாள் திடீரென்று நின்றுவிடும். அப்போதுதான் ஏமாறுகிறோம். நரம்பு செத்துவிட்டது, அவ்வளவுதான். சில வாரம் கழித்துக் கடித்தால் வலிக்கும், அல்லது ஈறில் சின்னக் கொப்புளம் வந்து உடைந்து உடைந்து வரும். கிருமி வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குப் போய்விட்டதன் அடையாளம் அது.

முதலில் பார்த்த கிளினிக்கில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். வலியில் ஒரு மாற்றமும் இல்லை, இருக்கவும் முடியாது. நரம்பு வீங்கியிருக்கும் கட்டத்தில் பிரச்சினை கிருமித்தொற்றை விட அழற்சிதான். நரம்பு செத்த பிறகோ, மருந்தைக் கொண்டுபோகப் பல்லுக்குள் இரத்த ஓட்டமே இருக்காது. முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ ஆன்டிபயாடிக் தேவைப்படும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் பல் கிளினிக்கைத் தேடாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மற்றபடி பல்லைத் திறந்து சுத்தம் செய்வதுதான் மருந்து.

அதுவரை வலியைத் தாங்க, ஐபுபுரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்த்து எடுத்தது தனித்தனியாக எடுத்ததைவிட நன்றாகக் கேட்டது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், இரத்தத்தை இளக்கும் மாத்திரை, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் ஐபுபுரோஃபென் தொடக்கூடாது. பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சளி மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஈறு வெள்ளையாக வெந்துபோவதுதான் மிச்சம். கிராம்பு எண்ணெயும் அப்படித்தான்: பஞ்சில் ஒரு சொட்டு, சொத்தைக் குழிக்குள் மட்டும்.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருகிறேன். எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி எழுதிக் கொடுத்ததில் பல் எண் 46 என்று இருந்தது. எனக்கு வலி இடப்பக்கம். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில், "இடப்பக்கம்தான் சார் வலிக்குது" என்றேன். "சீட்டுல என்ன இருக்கோ அதைத்தான் எடுக்க முடியும்" என்று பதில் வந்தது. டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கச் சொன்னால், அது அவர்கள் வேலை இல்லையாம். எழுதிக் கொடுத்தவருக்கோ போன் போகவில்லை. கோபம் வந்தாலும், அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று பிறகு புரிந்தது. எழுத்தில் இல்லாத பல்லை அவர்களாக எடுக்கக் கூடாதுதான். ஆனால் அன்றைய பொழுது போனது போனதுதான்.

அந்த எண் முறையை இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். இரண்டு இலக்கத்தில் முதலாவது வாயின் எந்தக் கால்பகுதி என்பதைச் சொல்லும்: 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. வலது இடது எல்லாம் நோயாளியுடையது, எதிரே நின்று பார்ப்பவருடையது இல்லை. இரண்டாவது இலக்கம் நடுப்பல்லிலிருந்து எண்ணிக்கொண்டே போவது: நடுப்பல் 1, கோரைப்பல் 3, முதல் பெரிய கடைவாய்ப்பல் 6, ஞானப்பல் 8. ஆக 36 என்றால் கீழ் இடது முதல் கடைவாய்ப்பல். இந்த எண்ணைச் சொல்லும்போது "முப்பத்தாறு" என்று சொல்வதில்லை, "மூன்று, ஆறு" என்று தனித்தனியாகச் சொல்வார்கள். சில நாடுகளில் 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணும் வேறு முறையும் புழங்குகிறது. அதில் இதே பல் 19. எனவே சீட்டு வாங்கும்போதே எண்ணுக்குப் பக்கத்தில் "கீழ் இடது" என்று எழுத்திலும் எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்ரே சீட்டில் எண் தப்பானால் ஒரு நடையோடு போகும். பல் பிடுங்கும் சீட்டில் தப்பானால்?

அடுத்தது மரப்பு ஊசி. கீழ்க்கடைவாய்ப் பல்லுக்குப் பல்லின் அருகில் போடாமல், வாயின் பின்பக்கம், தாடை எலும்புக்குள் நரம்பு நுழையும் இடத்தருகே போடுவார்கள். உதடும் நாக்கும் மரத்துவிடும். உதடு மரத்தால் பல்லும் மரத்துவிட்டது என்று இருவருமே நம்பிவிடுவதில்தான் சிக்கல். வலி உச்சத்தில் இருக்கும் பல்லில் நரம்பு கிளர்ந்துபோய் இருப்பதால், ஊசி சரியாக விழுந்தாலும் பல் மரக்காமல் போவது உண்டு. டிரில் உள்ளே இறங்கியபோதுதான் எனக்கு அது தெரிந்தது. அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது: "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குளிர் வைச்சுப் பாக்கலாமா?" குளிரூட்டிய பஞ்சை அந்தப் பல்லில் வைத்து, உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. உணர்வு இருந்தால் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் உள்ள இடுக்கில் கூடுதல் ஊசி போடுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் கடைசியாக நரம்பிலேயே நேராகப் போடுவது. சில விநாடி சுரீர் என்று உயிர் போகும், பிறகு அடங்கிவிடும்.

கை தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதில் ஒரு பெருமையும் இல்லை; வாய் திறந்திருக்கும்போது அதுவும் முடியாது. ஊசியில் அட்ரினலின் கலந்திருப்பதால் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம், பயந்துவிட வேண்டாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்த பிறகும் மூன்று நான்கு மணி நேரம் உதடு மரத்தே இருக்கும். அதற்குள் எதையாவது மென்றால் உதட்டையோ கன்னத்தையோ கடித்துப் புண்ணாக்கிக்கொள்வோம். குழந்தைகள் விளையாட்டாகவே கடித்துவிடும்.

மரத்த பிறகு நடந்ததெல்லாம் ஒரு மணி நேரச் சத்தம் மட்டுமே. பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டினார்கள். மாட்டாவிட்டால் கேளுங்கள்: எச்சில் உள்ளே போகாமல் தடுப்பதும், உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்யும் மெல்லிய ஃபைல் கம்பிகளும் கழுவப் பயன்படும் ஹைப்போகுளோரைட் திரவமும் தொண்டைக்குள் போகாமல் காப்பதும் அதுதான். முடிந்ததும் "எத்தனை கேனால் கிடைச்சுது?" என்று கேளுங்கள். கேனால் என்பது வேருக்குள் நரம்பு ஓடும் மெல்லிய குழாய். கீழ் முதல் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் இரண்டு வேர், மூன்று கேனால். நான்கும் இருப்பது அபூர்வம் இல்லை. மேல் முதல் கடைவாய்ப்பல்லில் மூன்று வேர் இருந்தாலும் நான்காவதாக ஒரு மெல்லிய கேனால் ஒளிந்துகொண்டிருப்பது சகஜம். ரூட் கேனால் செய்த பல் பின்னாளில் மறுபடி வலிப்பதற்கு, விட்டுப்போன கேனால் ஒரு முக்கியக் காரணம்.

முதல் அமர்வில் உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து, மேலே தற்காலிக அடைப்பு போட்டு அனுப்பினார்கள். இரண்டாவது வீண் நடை இந்த அடைப்பால்தான். இந்தப் பசை எச்சில் ஈரத்தில்தான் இறுகும். அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். நான்காம் நாள் பெயர்ந்து வந்துவிட்டது. காரணம் கேட்டபோது, மெலிதாக உட்கார்ந்திருந்தது என்றார்கள். மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தடிமன் இல்லாவிட்டால் இது கசியும், உடையும். மேற்பரப்பு கொஞ்சம் தேய்ந்தால் கவலையில்லை. நாக்கால் தடவும்போது குழி ஆழமாகத் தெரிந்தால் அன்றே போன் செய்யுங்கள். "அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு வாங்க" என்று ரிசப்ஷனில் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சுத்தம் செய்த கேனாலுக்குள் எச்சில் போனால் செய்த வேலை முழுக்க வீண். "அடைப்பு விழுந்துடுச்சு, உள்ள திறந்திருக்கு" என்று இதே வார்த்தையில் சொன்னதும் பத்து நிமிட இடைவெளி ஒன்று எப்படியோ கிடைத்தது. நீங்களாகப் பஞ்சு வைத்து அடைக்க வேண்டாம், அது எச்சிலை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

முதல் அமர்வுக்குப் பின் இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது வலிப்பது வழக்கமானதுதான், நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனாலோ வீங்கினாலோ காத்திருக்கக் கூடாது. இரண்டாவது அமர்வில் கேனால்களை கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் நிரப்பி எக்ஸ்ரே எடுத்தார்கள். நிரப்பியது வேர் நுனிக்குச் சற்று முன்பாக, அரை முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள் நின்றிருந்தால் நல்லது.

இந்த இடத்தில்தான் பாதிப்பேர் காணாமல் போகிறார்கள். வலி இல்லை, பல் இருக்கிறது, கேப் எதற்கு என்று. நரம்பு எடுத்த பல் காய்ந்து உளுத்துப்போகும் என்று சொல்வது அவ்வளவு சரியில்லை. சொத்தையும் துளையும் சேர்ந்து பல்லின் கூரையையே எடுத்துவிடுகின்றன. மிச்சம் சுற்றுச்சுவர் மட்டுமே. மெல்லும் விசை அந்தச் சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். பிளவு வேர் வரை இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கடைவாய்ப் பல்லுக்கு நிரந்தர அடைப்பும் கேப்பும் சில வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். கேப்பின் நிறத்தைப் பல்லைச் செதுக்கும் முன்பே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வாய் திறந்தே இருந்து பல் காய்ந்துவிட்டால், இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். தற்காலிக கேப் இருக்கும் நாட்களில் ஃப்ளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுக்க வேண்டும்.

மூன்றாவது வீண் நடை, கேப் ஒட்டிய அடுத்த நாள். நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்து, கடி படும் இடத்தில் மை ஒட்டும் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, "சரியா இருக்கா?" என்றார்கள். மரப்பு இன்னும் போகவில்லை, என்ன தெரியும்? தலையாட்டிவிட்டேன். மறுநாள் காலையில் அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தது. தலைமுடி அளவு உயரம் போதும், சில நாளில் பல் வலிக்கத் தொடங்கிவிடும். படுத்திருக்கும்போது கீழ்த்தாடை சற்றுப் பின்னால் போய்விடுவதால் கடி மாறும். நேராக உட்கார வைத்து, தட்டிக் கடித்தும் பக்கவாட்டில் அரைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் உட்காரவைத்துப் பார்த்ததில் கேப்பின் ஒரு மூலையில் மட்டும் கருநீலமாக ஒரு புள்ளி. அதைத் தேய்த்தெடுக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை.

கேப்புக்குச் சொத்தை வராது, அது உட்கார்ந்திருக்கும் ஓரத்துக்கு வரும். நரம்பு இல்லாததால் கூச்சமோ வலியோ எச்சரிக்காது. அந்த ஓரத்தில்தான் பிரஷ் 45 டிகிரி சாய்ந்து படவேண்டும், இடுக்கில் ஃப்ளாஸோ இடுக்கு பிரஷோ தினமும் ஒருமுறை. 1,000 முதல் 1,500 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டால் இரண்டு நிமிடம் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்காமல் விடுவது நல்லது. கொப்பளித்தால் ஃபுளோரைடும் கழுவிக்கொண்டு போய்விடும்.

எக்ஸ்ரேவில் வேர் நுனியில் தெரிந்த கரிய நிழல், அதாவது கிருமியால் எலும்பு கரைந்த இடம், சுருங்குகிறதா என்று பார்க்க ஒரு வருடத்துக்குள் மறு எக்ஸ்ரே எடுப்பார்கள். பழையதோடு ஒப்பிட்டால்தான் அது புரியும். போனபோது கிளினிக்கில் என் பழைய எக்ஸ்ரே கிடைக்கவில்லை. என் கோப்பில் பல் எண் இன்னமும் 46 என்றே இருந்ததால் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு படத்தையும் போனில் எடுத்துத் தேதியோடு வைத்திருந்தேன். அதைக் காட்டித்தான் பார்த்தார்கள். நிழல் பாதியாகக் குறைந்திருந்தது. எண்ணையும் அங்கேயே நின்று திருத்தச் சொல்லிவிட்டு வந்தேன்.