பதினொன்றாம் வகுப்பிலேயே கல்லூரிப் பாடம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், குறிப்பாக பெல்வியூ, ரெட்மண்ட் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை பத்தாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் 'ரன்னிங் ஸ்டார்ட்' பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. 1990இல் மாநிலச் சட்டமன்றம் கொண்டுவந்த இத்திட்டத்தின்படி, அரசுப் பள்ளியில் 11, 12ஆம் வகுப்பு படிப்பவர்கள் சமுதாயக் கல்லூரிக்கே (உள்ளூரிலுள்ள ஈராண்டு அரசுக் கல்லூரி) சென்று, அங்குள்ள மாணவர்களோடு அமர்ந்து படிக்கலாம். அந்தப் பாடம் பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் சேரும். கல்விக் கட்டணம் இல்லை. புத்தகம், சில்லறைக் கட்டணங்கள், போக்குவரத்து ஆகியவை நம் பொறுப்பு.

இலவசம் என்பதாலேயே பலர் சேர்க்கிறார்கள். என் மகளைச் சேர்த்தபின், பணத்தைவிட வேகத்தைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. கல்லூரியில் 5 கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) பெறும் ஒரு பாடம், பள்ளியின் 1 கிரெடிட்டுக்குச் சமம். அதாவது, பள்ளியில் ஓராண்டு நடக்கும் ஆங்கிலம் இங்கே ஏறத்தாழ பதினோரு வாரக் காலாண்டுக்குள் முடிந்துவிடும். இரண்டாம் வாரத்திலேயே முதல் கட்டுரையைக் கொடுக்க வேண்டியிருந்தது. காய்ச்சலில் நான்கு நாள் படுத்தால் எழுந்து பிடிப்பது கடினம். போதாக்குறைக்கு, பள்ளி செப்டம்பர் தொடக்கத்திலும் கல்லூரி அம்மாதக் கடைசியிலும் திறப்பதால், இரண்டு நாள்காட்டிகளும் ஒத்துப்போவதில்லை.

இன்னொன்று, மதிப்பெண். பள்ளியிலேயே நடத்தப்படும் கல்லூரித் தரப் பாடமான ஏபியில் மே மாதத் தேர்வு சரியாக அமையாவிட்டால், அந்த மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாமலே விட்டுவிடலாம். ரன்னிங் ஸ்டார்ட்டில் வாங்கும் 'சி' தரம் கல்லூரி மதிப்பெண் பதிவேட்டில் நிலைத்துவிடும். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்கள், பள்ளி நாட்களில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் மதிப்பெண்களையும் காட்டியாக வேண்டும். பதினாறு வயதில் சறுக்கியது இருபத்திரண்டு வயதிலும் கூடவே வரும்.

நம்மவர்களுக்கு அதிர்ச்சி தருவது வேறு: கூட்டாட்சிச் சட்டப்படி, கல்லூரிப் பதிவேட்டின் மீதான உரிமை, வயது எதுவானாலும் மாணவருடையது. பேராசிரியருக்கு அம்மா மின்னஞ்சல் அனுப்பி மதிப்பெண் கேட்டால், மாணவரின் ஒப்புதல் இல்லாமல் அவர் பெரும்பாலும் எதுவும் சொல்லமாட்டார். எனக்கு இது பிடித்தே இருக்கிறது.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் குறியீட்டைப் பார்ப்பது நல்லது. துறைப் பெயரையடுத்து '&' குறி இருந்தால், அது மாநிலச் சமுதாயக் கல்லூரிகளுக்குப் பொதுவான பாடம்; வேறு கல்லூரிக்கு மாறினாலும் அதை ஏற்கும்படி வாதாடத் தேவையிருக்காது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் இக்கல்லூரிகளிலிருந்து 90 கிரெடிட் வரை ஏற்கிறது. ஆனால் பள்ளிப் படிப்பை முடிக்கப் பயன்பட்ட பாடங்களைப் பல தனியார் பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுப்பதில்லை. வெளிமாநிலத் தனியார் இடங்களையே குறிவைப்பவர்கள், சேர்வதற்கு முன் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதியைப் படித்துவிட வேண்டும்.

மகள் இவ்வாண்டு ஆங்கிலத்தையும் கணிதத்தையும் மட்டும் கல்லூரியில் எடுக்கிறாள். வேதியியலைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டாள்; அந்த ஆசிரியரை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.