மலேரியா தடுப்பூசி வந்த பிறகும் கொசுவலை எதற்கு?

மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது என்ற பேச்சு எழும்போதெல்லாம், இனியும் கொசுவலையும் மருந்தடிப்பும் தேவையா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பெரியம்மையை ஒரு தடுப்பூசி உலகத்தைவிட்டே விரட்டியதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் பெரியம்மையைக் கொண்டுவந்தது ஒரு வைரஸ். மலேரியாவை உண்டாக்குவதோ ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களைக் கொண்ட, உடம்புக்குள் புகுந்தபின் அடுத்தடுத்து உருமாறுகிற ஓர் ஒட்டுண்ணி. ஆர்டிஎஸ்,எஸ் என்ற மலேரியா தடுப்பூசிக்காக 1980களில் தொடங்கிய ஆய்வு, 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் பெறும் நிலைக்கு வரவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனதற்கு அந்த உருமாற்றம் ஒரு முக்கியமான காரணம்.

மலேரியாவைப் பரப்பும் பெண் அனாஃபிலிஸ் கொசு தோலைத் துளைத்ததும், ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க முதலில் தன் எச்சிலை உள்ளே விடுகிறது. அந்த எச்சிலோடு பெரும்பாலும் சில பத்து ஒட்டுண்ணிகளே நுழைகின்றன. அவை தோலுக்கடியில் ஊர்ந்து ரத்தக் குழாயைத் தேடுகின்றன. குழாய் கிடைத்துவிட்டால் சில நிமிடங்களில் கல்லீரலை எட்டிவிடுகின்றன. இந்தச் சிறு பயணத்தில்தான் தடுப்பூசி அவற்றை மறிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் ஒட்டுண்ணியின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தைத் தடுப்பூசி நம் எதிர்ப்பாற்றலுக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டி வைக்கிறது. ஆனால் ஒன்றே ஒன்று தப்பிக் கல்லீரல் செல்லுக்குள் புகுந்துவிட்டாலும், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது ஆயிரக்கணக்கில் பெருகி ரத்தத்தில் இறங்கும். இறங்கும்போது அந்தப் பழைய மேலுறை அதனிடம் இருக்காது என்பதால், கற்றுக்கொண்ட அடையாளமும் பயன்படாது. தொண்ணூறு விழுக்காட்டு ஒட்டுண்ணிகளைப் பிடித்தாலும் காய்ச்சல் வரக்கூடும் என்பதே இதன் பொருள்.

ஆகவே இந்தத் தடுப்பூசியின் எண்களைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில், 5 முதல் 17 மாத வயதில் தொடங்கி நான்கு தவணையும் போட்டுக்கொண்ட குழந்தைகளிடம், சுமார் நான்கு ஆண்டுகளில் ஆர்டிஎஸ்,எஸ் மலேரியாக் காய்ச்சலை 36 விழுக்காடு குறைத்தது. ‘இவ்வளவுதானா?’ என்று கேட்பவர்கள், அதே ஆய்வில் வந்த இன்னோர் எண்ணையும் பார்க்க வேண்டும். அந்தக் குழந்தைகளில் ஆயிரம் பேருக்கு 1,774 காய்ச்சல்கள் தவிர்க்கப்பட்டன. ஆயிரம் பேரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காய்ச்சல்கள் எப்படித் தவிர்க்கப்படும் என்றால், அந்தப் பகுதிகளில் ஒரே குழந்தைக்கு மலேரியா திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் விடை. கானா, கென்யா, மலாவி நாடுகளில் 2019 முதல் முன்னோடித் திட்டமாக இதைப் போட்டபோது, தடுப்பூசிக்குரிய வயதுக் குழந்தைகளின் மொத்த இறப்பே 13 விழுக்காடு குறைந்தது. 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 5,97,000 பேர் என்பதையும், அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்பதையும் வைத்துப் பார்த்தால், 36 எனக்குச் சிறிய எண்ணாகத் தோன்றவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கி, புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 தடுப்பூசிக்கு 2023 அக்டோபரில் பரிந்துரை கிடைத்தது. மழைக்காலத்துக்குச் சற்று முன்பாகப் போடப்பட்ட இடங்களில் முதல் ஓராண்டில் அது சுமார் 75 விழுக்காடு பாதுகாப்பைத் தந்தது. தவணை ஒன்றின் விலையும் 2 முதல் 4 டாலருக்குள் அடங்குகிறது. (இரண்டு தடுப்பூசிகளிலும் எதிர்ப்பாற்றலைத் தூண்டச் சேர்க்கப்படும் பொருள்களில் ஒன்று, சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. இவ்வளவு நவீனமான மருந்துக்கு மரப்பட்டையும் தேவைப்படுவதை நினைக்க வியப்பாக இருக்கிறது.) எனினும் இரண்டிலும் பாதுகாப்பு மாதங்கள் செல்லச் செல்லத் தேய்கிறது. முதல் மூன்று தவணைகளுக்குக் குழந்தையைத் தூக்கி வரும் தாய், வழக்கமான தடுப்பூசிகள் பெரும்பாலும் முடிந்துவிட்ட வயதில் நான்காவது தவணைக்காக மீண்டும் நடந்து வர வேண்டும். ஆய்வுக்கூடம் தீர்த்துவைத்த சிக்கல்களைவிட இந்த நடையே பெரிய சிக்கல் என்பது என் எண்ணம்.

தடுப்பூசி தனியாக நிற்கக் கூடாது என்பதற்கு புர்க்கினா ஃபாசோவிலும் மாலியிலும் நடந்த ஆய்வு நல்ல சான்று. மழைக்காலத் தடுப்பு மாத்திரையோடு தடுப்பூசியும் பெற்ற குழந்தைகளுக்கு, மாத்திரை மட்டும் பெற்றவர்களைவிட மலேரியா 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. கொசுவலையின் கணக்கோ இன்னும் பழையது, இன்னும் பெரியது: 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிடப்பட்ட 66 கோடி மலேரியா நோய்களில் மூன்றில் இரண்டு பங்கு, மருந்து தோய்த்த வலைகளால் தவிர்க்கப்பட்டவை. வலையில் உட்காரும் கொசு செத்துப்போவதால், வலை இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதில் பயன் உண்டு.

வலைக்கும் எல்லை உண்டு. வலையில் தோய்க்கும் பைரித்ராய்டு என்ற பூச்சிமருந்துக்குக் கொசுக்கள் பழகிவிட்டதால், இரண்டாவது மருந்தும் சேர்த்த வலைகள் வந்துள்ளன. 2012ல் கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் கண்டறியப்பட்ட, ஆசியாவுக்குரிய அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சை கொசு நகரங்களின் தண்ணீர்த் தொட்டிகளில் பெருகி ஆப்பிரிக்காவில் பரவிவருகிறது. அங்கே தொட்டியை மூடிவைப்பதும் புழுவை ஒழிப்பதும் வலைக்கு இணையாக முக்கியமாகின்றன. தொட்டியில் புழு தெரிந்தால் அது கிடக்கும் விதத்தைக் கவனிக்கலாம்: நீர்மட்டத்தோடு படுக்கையாகக் கிடந்தால் அனாஃபிலிஸ், தலைகீழாகத் தொங்கினால் வேறு வகைக் கொசுக்களான ஏடிஸோ கியூலெக்ஸோ.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். எனவே இரவில் கட்டும் வலை அதற்கு அதிகம் உதவாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய அதன் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாவதில்லை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பயணம் போகிற பெரியவர்களுக்கு ஒரு செய்தி. இப்போதுள்ள மலேரியா தடுப்பூசிகள் நோய் மிகுந்த பகுதிகளில் வாழும் குழந்தைகளுக்கானவை. பயணிகளுக்காகப் பரிந்துரைக்கப்பட்டவை அல்ல. அத்தகைய இடத்துக்குச் செல்பவர் புறப்படும் முன்பே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பிய பிறகும் சொன்ன நாள் வரை அதை விடாமல் விழுங்க வேண்டும். வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கக்கூடியது என்பதால், ஊர் திரும்பிப் பல மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், எங்கே போய்வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி ரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.