எமு ப்ளெயின்ஸில் ஒரு செம்மஞ்சள் பிற்பகல்

சிட்னிக்கு மேற்கே, நேபியன் ஆற்றை ஒட்டிய எமு ப்ளெயின்ஸில் இருக்கிறது எங்கள் வீடு. கொல்லைக் கதவைத் திறந்தால் புளூ மவுண்டன்ஸின் முதல் மேடு எதிரே நிற்கும். 2019 அக்டோபர் 26 அன்று, வொல்லமை தேசியப் பூங்காவில் கோஸ்பர்ஸ் மவுண்டன் அருகே விழுந்த மின்னலில் பற்றிய தீ, அடைமழை பெய்து அடங்குவதற்குள் ஐந்து லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டைத் தின்றுவிட்டது. அந்தக் கோடையில் எதிரே இருக்கும் மேடு எங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

டிசம்பரில் ஒரு நாள், பிற்பகல் இரண்டரை மணிக்கு, வீட்டுக்குள் திடீரென்று இருட்டியது. மழை கட்டுகிறதோ என்று வெளியே ஓடினேன். கொடியில் கிடந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தது போல் இருந்தது. எதற்கும் நிழல் இல்லை. கொடிக்கம்பத்துக்கும் இல்லை, எனக்கும் இல்லை. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் இருட்டிய பிறகே எரியும் சூரியசக்தி விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த பறவைகள் அடங்கிப்போயிருந்தன.

கைப்பேசியில் ஒரு படம் எடுத்துத் திருச்சியில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். "என்னக்கா, அங்கே பனிமூட்டமா?" என்று கேட்டான். படத்தைத் திரும்பப் பார்த்தபோது அவன் கேட்டதில் தவறில்லை என்று தெரிந்தது. வானம் வெளிறிய சாம்பல் நிறத்திலும், விரிப்பு வெள்ளையாகவும் இருந்தன. ஒளியில் எந்த நிறம் மிகுந்திருந்தாலும் அதைக் கழித்து, வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதே தானியங்கி ஒயிட் பேலன்ஸின் வேலை. விளக்கொளியில் எடுக்கும் பிறந்தநாள் படத்துக்கு அது உதவி. அன்றோ, நடந்துகொண்டிருந்ததையே அது அழித்துவிட்டது.

உள்ளே போய்க் கேமராவை எடுத்துவந்து, ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கு உரிய 5200 கெல்வினில் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) நிறுத்தினேன். முதல் படத்திலேயே கண் கண்ட நிறம் வந்துவிட்டது. ஆனால் படத்தில் ஒவ்வொரு நிறமும் எவ்வளவு பிரகாசம் என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது ஓரத்தில் முட்டி நிற்க, நீலம் இருக்குமிடமே தெரியவில்லை. புகைத்துகள்கள் நீல ஒளியைச் சிதறடித்தும் உறிஞ்சியும் வழியிலேயே நிறுத்திவிடுவதால், நம்மை வந்து சேர்வது பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும்தான். சிவப்பு அளவுமீறி விவரம் இழந்துவிடாமல் இருக்க ஒளியை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாகக் குறைத்து, கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுத்தேன். பிறகு கணினியில் நிறத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பார்க்கிறவர்கள் மிகைப்படுத்தியதாக நினைப்பார்கள் என்று தெரிந்தும், அன்று அந்த முற்றத்தில் இருந்த நிறம் அதுதான் என்பதற்கு நான் பொறுப்பேற்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இதே மலைக்கு நீலம் என்று பெயர் வாங்கித் தந்ததும் ஒளிச்சிதறல்தான் என்பதை நினைத்து அன்று வெகுநேரம் நின்றிருந்தேன். யூகலிப்டஸ் காடு காற்றில் விடும் எண்ணெயாவி நுண்ணிய துளிகளாகி நீல ஒளியை நம் பக்கம் சிதறவிடுகிறது என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். அந்த எண்ணெய்தான் அதே மரங்களை அவ்வளவு மூர்க்கமாக எரியவும் வைக்கிறது.

தொலைவுக்கான லென்ஸ் அன்று பயன்படவில்லை. தெரு முனைக்கு அப்பால் எல்லாம் ஒரே திரையாக இருந்தது. கிட்டத்தில்தான் படங்கள் இருந்தன. கார்க் கூரையின் மேல் ஒரு யூகலிப்டஸ் இலை கிடந்தது. முழுக்கக் கரியாகியிருந்தும் வடிவம் சிதையவில்லை. நடு நரம்பிலிருந்து ஓரம் வரை ஒவ்வொரு கிளை நரம்பும் கம்பியிழை போல் எழுந்து தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நான்கு படங்கள் எடுத்தேன். திருப்பிவைக்கலாம் என்று நகத்தால் தொட்டதும் பொடியாகிவிட்டது. மலையில் எங்கோ எரிந்த மரத்தின் இலை, காற்றில் ஏறி எங்கள் வீட்டு வாசல் வரை வந்திருந்தது.

அந்தப் படங்களை அழகு என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கும் அழகாகத்தான் தெரிந்தன, அதனால் மனம் உறுத்தியது. அந்தக் கோடையில் நாடு முழுவதும் 33 பேர் இறந்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் மட்டும் 2,400க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஆகவே எங்கள் முற்றத்தையும் தெருவையும் தாண்டிப் படமெடுக்கப் போவதில்லை என்று முடிவுசெய்தேன். தீயைத் தேடிக் காரில் மலையேறுபவர்கள் தீயணைப்பு வண்டிகளின் வழியை அடைக்கிறார்கள். ஒரே ஒரு ட்ரோன் பறந்தாலும் தண்ணீர் கொட்டும் விமானங்களைத் தரையிறக்க வேண்டியிருக்கும். எந்தப் படத்துக்கும் அந்த விலை கொடுக்கக் கூடாது.

2020 ஜனவரி 4 அன்று ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. அன்று கேமராவைத் தொடவே இல்லை. ஆவணங்களைப் பையில் போட்டுக் கதவருகே வைத்துவிட்டு, நாள் முழுவதும் வானொலி கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குள் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்ட மறுநாள் காலை கொல்லைக் கதவைத் திறந்தபோது மேடு முழுவதும் தெரிந்தது. கேமராவை எடுத்து, டிசம்பரில் நின்ற அதே கொடிக்கம்பத்தருகே நின்று ஒரு படம் எடுத்தேன். ஒயிட் பேலன்ஸ் இன்னும் 5200இலேயே இருந்தது. மலை நீலமாக வந்தது.