சுடாத பிஸ்டலும் தேயும்

பாளையங்கோட்டையில் லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடை ஒன்றின் பட்டறையில் இருபத்தாறு ஆண்டுகள் பழுதுபார்த்திருக்கிறேன். காட்டுப்பன்றிக்குக் காவலிருக்கும் விவசாயிகளின் இரட்டைக்குழல் துப்பாக்கிகள்தான் பெரும்பாலும் வரும். சட்டைப்பையில் அடங்கும் சின்னப் பிஸ்டல்கள் ஆண்டுக்கு நான்கைந்து வந்தால் அதிகம். ஆனாலும் என்னை அதிக நேரம் உட்காரவைத்து யோசிக்கச் செய்தவை அவைதான்.

ஒரு தேர்தல் முடிந்த சமயத்தில் ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளக்காரர் ஒருவர் தம் தாத்தா காலத்துப் பிஸ்டலைக் கொண்டுவந்தார். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1906 முதல் விற்ற, 6.35 மி.மீ. விட்டத் தோட்டா போடும் பிஸ்டல் அது, நாலரை அங்குல நீளம், நானூறு கிராமுக்கும் குறைந்த எடை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டதும் பிரவுனிங் பிஸ்டலால்தான் என்பதால், எங்கள் பக்கத்தில் அந்தப் பெயருக்குத் தனி மரியாதை உண்டு. ஏதோ பாகம் தேய்ந்திருக்கலாம் என்று நான் சொன்னதும், "அண்ணாச்சி, அப்பா காலத்துல இருந்து ஒரு ரவுண்டுகூடச் சுடல, பெறகு எப்படித் தேயும்?" என்று கேட்டார் அவர்.

நான் பேரலை, அதாவது குழலை, திருப்பிக் கழற்றி, அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடை எடுத்து, அதன் ஸ்பிரிங்கை மேசையில் வைத்துக் காட்டினேன். பெரிய பிஸ்டல்கள் பலவற்றில் சுடும் கணத்தில் பேரலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். இவ்வகைச் சின்னப் பிஸ்டலில் அந்தப் பூட்டு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மட்டுமே வெடிப்பின் உதையைத் தாங்குகின்றன. பைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக ஸ்லைடை இலேசாக்கினால், அந்தக் குறையையும் ஸ்பிரிங்கே சுமக்க வேண்டியிருக்கிறது. அது தளர்ந்துவிட்டால் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் பின்னே போய்ப் பிஸ்டலின் உடற்சட்டத்தில் மோதும். சுட்ட தோட்டாவின் கூடான காலி கேஸ் வெளியேறும் வாயின் மூலைகள் போன்ற மெலிந்த இடங்களில் மயிரிழை போன்ற விரிசல் விழுவது பெரும்பாலும் அப்படித்தான். பேரல் தேய்ந்து போய்க் கைவிடப்பட்ட சின்னப் பிஸ்டலை நான் பார்த்ததே இல்லை. ஸ்பிரிங், காலி கேஸைப் பிடித்திழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் நகம், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னின் முனை, தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் வாய் ஓரங்கள் ஆகிய நான்கில் ஒன்றுதான் முதலில் போகும். காலியாக வைத்துக்கொண்டு டிரிகரை இழுத்து இழுத்துப் பார்க்கும் பழக்கம் ஃபயரிங் பின்னுக்கு எமன்.

அவருடைய பிஸ்டலில் ஸ்பிரிங் நன்றாகவே இருந்தது. கேடு வேறிடத்தில் இருந்தது. தேர்தலுக்காக ஒப்படைத்த இடத்தில் அதைத் தோல் உறையோடு மாதக்கணக்கில் அப்படியே வைத்திருந்தார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட தோலில் தங்கும் உப்பும் அமிலமும் இரும்புக்கு ஆகாதவை. ஸ்லைடின் இடப்பக்கத்தில், உறையின் தையல் ஓடிய கோட்டிலேயே, எறும்பு வரிசை போலத் துருப் புள்ளிகள் படிந்திருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் விளிம்பும் அரித்துப் போயிருந்தது. உள்ளே யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது நாள்பட்டுப் பழுப்புப் பிசினாகி ஃபயரிங் பின்னின் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மார்கழிக் காலையில் உறைகிற எண்ணெயைத் துப்பாக்கிக்கு விடக் கூடாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது.

கடற்கரைக்காரர்களின் பிஸ்டல்களில் உப்புக் காற்றும் வியர்வையும் வெளிப்புறத்தைத் தின்னும். சாரல் காலத்துத் தென்காசிப் பக்கத்திலிருந்து வருபவற்றில் பெட்டிக்குள் தேங்கிய ஈரம் உட்புறத்தைத் தின்னும். பழைய தோட்டாக்களைச் சுட்டிருந்தால் அவற்றின் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் விட்டுச்செல்லும் உப்பு பேரலுக்குள் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். அதனால் எத்தனை ரவுண்டு சுட்டது என்ற கணக்கை மட்டும் கேட்டுப் பிஸ்டலின் ஆயுளைச் சொல்ல நான் ஒருநாளும் ஒப்பவில்லை.

தொடக்க காலத்தில் நானும் ஒரு தவறு செய்தேன். இறக்குமதி 1980-களிலேயே நின்றுவிட்டதால் பழைய வெளிநாட்டுப் பிஸ்டல்களுக்கு உதிரி கிடைப்பதில்லை. தளர்ந்த ஸ்பிரிங் ஒன்றுக்குப் பதிலாக, விறைப்பு கூடினால் நல்லதுதானே என்று எண்ணி, தடித்த கம்பியில் சுற்றியதைப் பொருத்திக் கொடுத்துவிட்டேன். ஸ்லைடு முழுத் தூரம் பின்னே போகாமல், காலி கேஸ் வாயிலேயே சிக்கி நின்றது. உயிருக்குக் காவல் என்று நம்பி வைத்திருந்தவரின் கையில் அது அப்படி நின்றதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. அதன்பின் சுட்டுச் சோதிக்காமல் எந்தப் பிஸ்டலையும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை.

உப்பளக்காரரின் பிஸ்டலுக்கு எக்ஸ்ட்ராக்டரை மாற்றி, பிசினைக் கரைத்து, துருவை மென்மையாகத் துடைத்தெடுக்க ஒன்பது நாள் ஆனது. வாங்க வந்தவர் அதைப் பருத்தித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். தாத்தாவின் தோல் உறையை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அதை மட்டும் தனிப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.